குளிர் இருக்கிறது, வந்து சேரவில்லை

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் உண்டு, வெப்பத்தின் குறைவு உண்டு. அந்தக் குறைவுக்கு நம் தோல் வைத்த பெயர்தான் குளிர். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து, தேர்வெழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்ததும் முகத்தில் சில்லென்று காற்று படுகையில், உள்ளே எங்கோ குளிரைத் தயாரிக்கும் ஒரு பட்டறை இருப்பதாகவே மனம் எண்ணிக்கொள்கிறது. அது பழுதாகும் நாளில்தான் இந்த எண்ணத்தின் விலை தெரியவருகிறது. 'குளிர் வரவில்லை' என்கிறோம். 'உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறவில்லை' என்று சொல்லப் பழகியிருந்தால், எங்கே நிற்கிறது என்று தேடத் தோன்றும். பழுது பார்த்தல் என்பதே அந்தத் தேடல்தான்.

நம் வீடுகளில் இந்த வேலையை நெடுங்காலம் மண்பானை செய்துவந்தது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விப்பதற்கு ஒரு கலோரியை எடுத்தால் போதும். ஆகவே ஒரு தேக்கரண்டிக் கசிவு ஒரு செம்பு நீரில் தெரிகிற மாற்றத்தை உண்டாக்கிவிடும். மின்சாரமும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. காற்று உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பானைத் தண்ணீர் போதவில்லை. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடத்துக்கு முந்தைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-இல் அதைக் கட்டியவர் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃப்ரெடெரிக் டியூடர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியைக் கட்டிகளாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, மாதக்கணக்கில் கடல் கடந்து கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். 1833-இல் கல்கத்தாவில் இறங்கிய முதல் சரக்கில் பாதிக்கும் மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில், 1897-இல், விவேகானந்தர் சில நாட்கள் இந்தக் கட்டடத்தில் தங்கியதால் இன்றைய பெயர் வந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பது மரத்தூளைத்தான். பாஸ்டன் பனியை உருகாமல் காத்தது அதுதான். வெப்பம் உள்ளே நுழையாமல் தடுத்தது. இன்றைய ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் நுரைப் பலகையும், கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரும் அந்த மரத்தூளின் வாரிசுகள்.

ஆனால் தடுப்பது மட்டும் போதாது. நுழைந்ததை வெளியேற்றவும் வேண்டும். 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் காப்புரிமை பெற்ற எந்திரத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். அது ஒரு மெல்லிய குழாய் வழியாக ஃப்ரீஸர் பக்கத்துக் காயிலுக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தம் குறைவு; ஆகவே ஆவியாகிறது, பானை நீரைப் போலவே சுற்றியிருக்கும் வெப்பத்தை விழுங்குகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை உறிஞ்சி, இறுக்கி, சூடேற்றி வெளிப்புறக் குழாய்களுக்குத் தள்ளுகிறது. அது அங்கே அறைக்காற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்து, மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. பானையில் ஆவி போனால் போனதுதான். இங்கே அதைப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் வேலை வாங்குகிறோம். கம்ப்ரஸரின் பங்கு இவ்வளவே.

இத்தனையும் நான் எழுதக் காரணம் 2019-ஆம் ஆண்டு மே மாதம். அப்போது வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். சென்னை ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஊரே குடங்களுடன் வரிசையில் நின்ற ஆண்டு அது. அக்னி நட்சத்திரத்தின் நடுவில் எங்கள் ஃபிரிட்ஜின் கீழ் அறை மெல்லச் சூடேறத் தொடங்கியது. பால் திரிந்தது. இரவு வைத்த தோசை மாவு காலையில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. இவை சிறு இழப்புகள். பெரியது எது என்று முதலில் உணர்ந்தவர் அம்மா. காலையில் ஊசி போட்டுக்கொள்ள இன்சுலின் குப்பியைக் கையில் எடுத்தவர், "சில்லுன்னே இல்லையேடா" என்றார்.

அம்மாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; அப்போது ஆறு ஆண்டுகளாக இன்சுலின். காலை 20, இரவு 12 என்று நாளொன்றுக்கு 32 யூனிட். நம் நாட்டில் கிடைக்கும் வழக்கமான 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கும். ஆக ஒரு குப்பி பன்னிரண்டு நாள் வரும். திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பி அறை வெப்பத்தில் இருக்கலாம். ஆனால் வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதுவும் சுமார் நான்கு வாரம்தான். மே மாதத்துச் சென்னையில் எங்கள் சமையலறை மதியம் 35 டிகிரி. இதில் ஒரு கொடுமை, வெப்பம் பட்டு வீரியம் இழந்த இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். பால் திரிந்தால் தெரிகிறது, மாவு புளித்தால் மூக்கு சொல்கிறது. இந்த மருந்து தன் நிலையைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஊசி போட்டுக்கொண்ட பிறகு, ரத்தத்தில் ஏறும் சர்க்கரைதான் செய்தி சொல்லும்.

"மேல ஃப்ரீஸர்ல ஐஸ் உறைஞ்சுதானே இருக்கு, அங்க வச்சிடலாமே" என்றான் ஊரிலிருந்து வந்திருந்த தம்பி. அது கூடவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகிப் பழைய நிலைக்கு வந்தாலும் பயன்படாது. தூக்கி எறியத்தான் வேண்டும். ஆனால் அவன் வாக்கியத்தில் ஒரு துப்பு இருந்தது. மேலே உறைகிறது, கீழே சுடுகிறது. இது முக்கியமான தகவல் என்று மனம் குறித்துக்கொண்டது.

முதலில் மருந்துக்கு வழி பார்த்தோம். கடையிலிருந்த மருந்தாளுநர் பொறுமையாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். திறக்காத மூன்று குப்பிகளும் சில நாட்கள் அரைகுறைக் குளிரில் இருந்துவிட்டதால், அவற்றையும் வெளியில் எடுத்துவிட்டவையாகவே கருதி நான்கு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். நான்கு வாரத்தில் இரண்டேகால் குப்பிதான் செலவாகும். மூன்றாவதில் மிஞ்சுவது வீண். மூன்றையும் எதிர்வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜில் வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் உயிர் இன்னொரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அன்று மாலையே, புழக்கத்தில் இருந்த குப்பிக்காக இரண்டு மண்பானைகள் வாங்கிவரச் சொன்னார். பெரிய பானைக்குள் மணல், மணலுக்குள் சின்னப் பானை, மேலே ஈரத்துணி. 1990-களில் நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் காய்கறிகள் வாடாமலிருக்க ஊர் ஊராகப் பரப்பிய அதே அமைப்பு என்று பிற்பாடு படித்தேன். அம்மா அதைப் படித்துச் செய்யவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் காய் கழுவிய நீரைச் சேர்த்துவைத்து மணலை நனைத்தார். உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன். சமையலறை 35, சின்னப் பானைக்குள் 27. அந்தக் குப்பிக்கு அது போதும்.

பிறகு ஃபிரிட்ஜ். வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கி என்பதுதான் இதற்கு ஒழுங்கான வரிசை. மின்னழுத்தம் சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட் திருகி உரிய எண்ணில் நின்றது. சுவரிலிருந்து பெட்டி ஒரு சாண் தள்ளியே இருந்தது. கதவு ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். நான்கு பக்கமும் பிடித்து நின்றது. இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சை உள்ளே வைத்துச் சாத்தினேன். எங்கும் ஒளி கசியவில்லை. மரத்தூள் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கீழ் அறையின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் நீரும் அதற்குள் வெப்பமானியும் வைத்துக் காலையில் பார்த்தேன்: 14 டிகிரி. நான்கையொட்டி இருக்க வேண்டியது. பெட்டியின் பக்கச்சுவர்களைத் தொட்டால் சூடு. இந்த மாதிரியில் வெளிப்புறக் குழாய்கள் பக்கச்சுவர்களுக்குள் பதிந்திருக்கின்றன. அவை சூடாக இருக்கின்றன என்றால் உள்ளிருந்து வெப்பம் வந்துகொண்டிருக்கிறது என்றாகிறது. கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளரின் சேவை மையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கதவைத் திறந்தார், கையை நீட்டினார், ஐந்து நிமிடத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். கேஸ் போய்விட்டது, கம்ப்ரஸரும் பலவீனம், இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவுக்குப் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதே வாங்கிவிடலாம், அதற்கொரு சலுகைத் திட்டமும் இருக்கிறது. மரியாதையானவர்தான். ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ.

பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. எங்களுடையதில் ஆர்-600ஏ, 55 கிராம் என்றிருந்தது. ஐசோபியூட்டேன். நம் சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு. அந்த 55 கிராமுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. தொடக்ககால ஃபிரிட்ஜுகளில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் ஓடின, கசிந்தால் நச்சு. அத்தகைய கசிவில் பெர்லினில் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் அசையும் உறுப்பே இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைக்க முனைந்தார்கள் என்பார்கள். 1930-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதற்குள் 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு நச்சற்ற, தீப்பற்றாத குளோரோஃபுளோரோ கார்பன்களைக் கொண்டுவந்துவிட்டது. அவை வீட்டுக்குள் யாரையும் கொல்லவில்லை. வானத்தில் ஓசோனைத் தின்றன. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றுக்கு முடிவு கட்டியது. சுற்றிச் சுற்றி, மீண்டும் தீப்பற்றும் வாயுவிடமே வந்திருக்கிறோம், ஆனால் ஒரு கைப்பிடி அளவில். இதில் குழாயைத் திறந்து பற்றவைப்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. 'சும்மா கேஸ் நிரப்பிப் பார்க்கலாம்' என்பது விளையாட்டல்ல.

சலுகைத் திட்டத்தை ஒத்திவைத்தோம். எதிர்வீட்டு அக்காவின் யோசனைப்படி ஃபிரிட்ஜைக் காலி செய்து, இணைப்பைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்து ஒரு பகல் ஓரிரவு விட்டோம். அடியில் விரித்த துணிகள் நனைந்துகொண்டே இருந்தன. மறுநாள் போட்டதும் பெட்டி புதியதுபோல் குளிர்ந்தது. டம்ளர் வெப்பமானி 4 காட்டியது. அம்மா மட்டும் குப்பியைப் பானையிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் பால் மறுபடியும் திரிந்தது.

இந்த முறை வந்தவர் தெருமுனையில் கடை வைத்திருந்த வயதான மெக்கானிக். அவர் கதவைத் திறக்கும் முன் கேள்வி கேட்டார்.

"ஒரு நாள் அணைச்சு வச்சப்போ சரியாச்சா சார்?"

"ஆமாங்க. ஒன்பது நாள் நல்லா இருந்தது."

"அப்ப கேஸ் இருக்கு. போன கேஸ் திரும்பி வராது சார். கம்ப்ரஸரும் நல்லாத்தான் இருக்கு."

இரண்டே வாக்கியங்களில் அந்த இளைஞரின் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. ஃப்ரீஸரின் பின்பக்கத்து பிளாஸ்டிக் பலகையைத் திருகுகளைக் கழற்றி மெல்ல இழுத்தார். உள்ளே காயில் தெரியவில்லை. வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது. காயிலின் மடிப்புகள், இடைவெளிகள், காற்று போகும் வழி எல்லாவற்றையும் பனி மூடிக் கெட்டித்திருந்தது. விசிறி அந்தப் பனியில் உரசிக் கிறீச்சிட்டது.

"குளிர் குறையல சார். கூடிப்போச்சு. அதான் கீழ வர்றதுக்கு வழி இல்ல" என்றார்.

'பனி படியாத' வகை என்று விற்கப்படும் இந்த ஃபிரிட்ஜுகளில் பனி படியாமலில்லை. நாம் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கடலோரத்து ஈரக்காற்று உள்ளே புகுகிறது. அந்த ஈரம் காயிலில் உறைகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, காயிலின் அடியிலுள்ள ஹீட்டரைச் சிறிது நேரம் எரியவிட்டு அதை உருக்குகிறார்கள். உருகிய நீர் குழாய் வழியே கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. குளிர்விக்கும் பெட்டிக்குள் ஒரு ஹீட்டர்! ஒழுங்காக இயங்க, அது அவ்வப்போது தன்னைத் தானே சுட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஹீட்டருக்கு மின்சாரம் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பைமெட்டல் என்கிற, பொத்தான் அளவுள்ள ஒரு சாமான். குளிரில் அது இணைந்திருக்க வேண்டும். பனி உருகிச் சூடேறியதும் பிரிய வேண்டும். எங்களுடையது குளிரிலும் பிரிந்தே கிடந்தது. மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். ஹீட்டர் நன்றாக இருந்தது. ஆணைதான் போய்ச் சேரவில்லை.

பனியைக் கத்தியால் குத்த நான் எடுத்த கையைத் தடுத்தார். காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அப்போதுதான் உண்மையாகவே கேஸ் போகும். வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் காத்திருந்தோம். சாமானுக்கு 350 ரூபாய், கூலி தனி. மொத்தம் மூன்று மணி நேரம். அதில் பெரும்பகுதி பனி உருகுவதற்கான காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பில், கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மெக்கானிக் எல்லாவற்றையும் விளக்கினார். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் உடம்பு கதைதாம்ப்பா. ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்காம். வேணுங்கிற இடத்துக்குள்ள போகலையாம். டாக்டர் இதையேதான் சொன்னார்."

எனக்கு அது மின்னல் வெட்டியதுபோல் இருந்தது. சர்க்கரை நோய் என்பது சர்க்கரை மிகுதியின் நோய் என்றே வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் ரத்தத்தில் மிதமிஞ்சிக் கிடக்கும்போதே உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. வாசலைத் திறக்கச் சொல்லும் இன்சுலினின் ஆணை போதவில்லை, அல்லது காதில் விழவில்லை. 1921-இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்ட அந்த மருந்து செய்வது, வழியைத் திறந்துவிடுவது மட்டுமே. சேவை மையத்து இளைஞர் சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: இதயம் போய்விட்டது, மாற்று. கம்ப்ரஸரை இதயம் என்று நினைப்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்ததே அதுதான். உழைப்பு போய்ச் சேரவேண்டிய வழியில் எங்கே அடைப்பு என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்கப் பலகையைக் கழற்ற வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் சரியான பிறகும் அம்மா பானையை எடுக்க விடவில்லை. "கரண்ட் போனா?" என்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி நீரில் மூழ்கியபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. எந்தப் பழுதும் இல்லாத ஃபிரிட்ஜ், வெறும் அலமாரியாக நின்றது. கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ் அறை சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் அதற்கும் பானைக்கும் பேதமில்லை. சொல்லப்போனால் பானையும் அன்று குளிர்விக்கவில்லை. காற்று முழுக்க ஈரம், எதுவும் ஆவியாக இடமில்லை. ஆனால் மழை ஊரையே 25 டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தது. குப்பி பத்திரமாக இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா பானைக்குள் கைவிட்டு அதை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டி, 12 யூனிட் எடுத்துத் தரச் சொன்னார்.